சவரம் செய்த புருஷன்

டூட்டிக்குப் போகும் ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் என் கன்னத்தை உற்றுப் பார்ப்பார். விமானத்தில் பயணிகளைக் கவனித்துக்கொள்ளும் வேலை எனக்கு. ஏறுவதற்கு முன்னால் எங்களை நிற்கவைத்து நகம், ஷூ, காலர், கிருதா எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியாக முகத்துக்கு வருவார்கள். முள்முள்ளாகத் தாடி தெரிந்தால் அன்றைக்கு இறக்கிவிட்டு வேறொருவரை ஏற்றிவிடுவார்கள். காலையில் மழித்தால் சாயங்காலமே கறுத்துவிடும் கன்னம் என்னுடையது. அதனால் பையில் எப்போதும் ஒரு ரேசர் கிடக்கும். நெற்றியில் திருநீறு கூடாது, கையில் கயிறு கூடாது. சிறுவாச்சூர் கோயிலில் அம்மா கட்டிவிட்ட கயிறு என் சட்டைப்பைக்குள்தான் பறந்துகொண்டிருக்கிறது.

இதில் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. உண்மையைச் சொன்னால் பெருமைதான். பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் டீக்கடைக்காரர் எழுந்து நின்று சார் என்பார். எந்த பேங்க் என்றும் கேட்பார். நானும் திருத்தமாட்டேன்.

என் மனைவி அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் மாசமானதும் என் கன்னம் ஊர்ப் பிரச்சினை ஆகிவிட்டது. எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி மாசமாக இருந்தால் புருஷன் முடி வெட்டக்கூடாது, சவரம் செய்யக்கூடாது. பிணம் தூக்கக்கூடாது, பாம்பை அடிக்கக்கூடாது என்று இன்னும் சில உண்டு. அவையெல்லாம் எனக்குச் சுலபம். சவரம்தான் சிக்கல்.

இது இரண்டாவது முறை. முதல் முறை இந்தப் பேச்சு வந்தபோது நானும் அவளும் சேர்ந்து சிரித்தோம். தாடியோடு நான் ஜூஸ் நீட்டினால் பயணி குடிப்பானா என்று அவளே கேட்டாள். நாலாம் மாதத்தில் அந்தக் குழந்தை கலைந்துபோனது. இதில் யார் தப்பும் இல்லை, சில நேரம் இப்படி ஆகும் என்றார் டாக்டர். மாமியாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே ஒரு தடவை நிமிர்ந்து, மழுமழுவென்றிருந்த என் கன்னத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

இந்த முறை ஆரம்பத்திலேயே அவளைத் திருமானூரில் அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டோம். ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னிடம், இனிமேல் சவரம் செய்ய வேண்டாம் என்றாள். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பரீட்சைக்கு ராசியான பேனா கொண்டுவரும் பிள்ளைகளைத் திட்டுகிற டீச்சர் இவள். காரணம் கேட்டேன். சொன்னதைக் கேளுங்க என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை.

சென்னைக்குப் போய் எங்கள் தோற்றத்தைக் கவனிக்கும் மேலதிகாரியிடம் கேட்டேன். நல்ல பெண்மணி, வடக்கே எங்கோ ஊர். தாடி வைக்கலாம், தடையில்லை என்றார். ஆனால் லீவில் வளர்த்துக்கொண்டு வர வேண்டும், பாதி வளர்ந்த தாடியோடு வரக்கூடாது, வந்தபிறகும் அளவாக வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெட்டவே கூடாது என்பதுதான் என் பிரச்சினை என்றேன். தோல் வியாதியா என்று கேட்டார். இல்லை என்றேன். மத நம்பிக்கையா என்று கேட்டார். எந்தச் சாமி இதைச் சொன்னது என்று அங்கேயே நின்று யோசித்தேன். எந்தச் சாமியும் சொன்னதாகத் தெரியவில்லை. உனக்கு இதில் நம்பிக்கை உண்டா என்று கடைசியாகக் கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. உண்டு என்றும் வரவில்லை. யோசித்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்.

யோசித்து என்ன கண்டேன்? ஒரு முடிக்கும் வயிற்றுக்குள் இருக்கும் உயிருக்கும் என்ன சம்பந்தம் என்று அறிவு கேட்கும். போன தடவையும் இப்படித்தான் கேட்டாய் என்று இன்னொன்று சொல்லும். ரேசரைக் கன்னத்தில் வைத்தாலே அந்த ஆஸ்பத்திரி வராந்தா ஞாபகம் வந்தது. வேலைக்கு நேரமாகிறதே என்று எரிச்சலும் கூடவே வந்தது. அழுவதா, சீக்கிரம் கிளம்புவதா என்று தெரியாமல் மோவாயில் வெட்டிக்கொண்டு, அதற்கும் கேப்டனிடம் பேச்சு வாங்கினேன்.

கடைசியில் என் புத்திக்கு எட்டியது ஒரு அரைகுறை வழி. லீவு நாளில் மட்டும் மழிப்பதில்லை. சிறுவாச்சூர்ப் பக்கம் என் வீட்டில் சில நாள் தங்கி, கன்னம் கறுத்தபிறகு திருமானூருக்குப் போவேன். மாமியார் முகம் மலர்ந்து கூடுதலாக ரெண்டு மீன் துண்டு வைப்பார். அடுத்த முறை டூட்டி முடிந்து நேராகப் போனால் கன்னம் பழையபடி வழவழவென்று இருக்கும். மீனும் குறைந்துவிடும். ஒரு பிள்ளைக்கு இத்தனை தடவை தாடி ஆரம்பித்தவன் ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஏழாம் மாதம் வளைகாப்புக்கு லீவு கிடைக்கவில்லை. காலை விமானத்தில் திருச்சி வந்து, அங்கே டூட்டி முடிந்து, உடை மாற்றி பஸ் பிடித்தேன். முகத்தை மாற்ற முடியவில்லை. வீடு நிறையச் சொந்தக்காரப் பெண்கள். எல்லோர் பார்வையும் என் கன்னத்துக்கு வந்தது. மாப்பிள்ளை புதுசாக இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவள் கை நிறைய வளையலோடு குனிந்துகொண்டாள்.

எல்லோரும் சாப்பிட்டுப் போனபிறகு, மத்தியான வெயிலில், உள்ளறையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோபமாகத்தான் ஆரம்பித்தேன். படித்தவள், நீயே இப்படி நம்பினால் நான் யாரிடம் போய்ச் சொல்வது என்றேன்.

"நான் எங்க நம்புனேன்? தாடி வச்சாத்தான் புள்ள நிக்கும்னு நான் ஒரு நாளும் நெனக்கல."

"அப்பறம் எதுக்கு என்னப் போட்டு இந்தப் பாடு படுத்துற?"

அவள் வளையல்களை மேலும் கீழும் தள்ளினாள்.

"எனக்கு எந்நேரமும் பயமா இருக்குங்க. பாத்ரூம் போவக்கூடப் பயமா இருக்கு. நீங்க வந்து நிக்கிறீங்க, மொகத்தப் பாத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கு. போன தடவ ஆஸ்பத்திரிலயும் அப்படியேதான் நின்னீங்க. தாடி இருந்தாலாவது, இவருக்கும் ஏதோ இருக்குன்னு எனக்குத் தெரியும்ல."

அந்த முகத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். விமானம் குலுங்கினால் பயணிகள் ஜன்னலைப் பார்ப்பதில்லை, எங்களைத்தான் பார்ப்பார்கள். எங்கள் முகம் கலங்கினால் மொத்தக் கூட்டமும் கலங்கிவிடும். அதனால் வயிறு கலங்கினாலும் முகம் கலங்கக்கூடாது என்பது முதல் பாடம். அந்த ஆஸ்பத்திரியில் அதே முகத்தோடு நின்று, அவளுக்குத் தைரியம் கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவளோ தன்னந்தனியாகக் கிடந்திருக்கிறாள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றேன்.

அவள் என்னை நன்றாகத் திரும்பிப் பார்த்தாள். "வாய்தான் சொல்லுது. மொகத்துல காணுமே."

எழுந்து பீரோக் கண்ணாடியில் பார்த்தேன். அவள் சொன்னது நிஜம். கண்ணாடியில் இருந்தவன் காபியா டீயா என்று கேட்கத் தயாராக இருந்தான். அன்றைக்கு எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

கிளம்பும்போது அவளே ஒரு முடிவு சொன்னாள். சவரம் செய்துகொண்டே வேலைக்குப் போகலாம், அம்மாவிடம் அவள் பேசிக்கொள்வாள். பதிலுக்குத் தினமும் ஒரு தடவை போனில் பயமாக இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டும். சரி என்றேன். முதல் சில நாள் அட்டென்டன்ஸ் கொடுப்பதுபோல் சொல்லி வைத்தேன். பிறகு ஒரு நாள் சொல்லிமுடித்த பிறகும் போனை வைக்காமல் நின்றேன். சொல்லச் சொல்லப் பயம் குறையுமா கூடுமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அவளுக்கு இப்போது எட்டாம் மாதம். சென்ற வாரம் சென்னையில் திருச்சி விமானத்துக்குக் காத்திருந்தபோது, வாசல் பக்கம் ஒதுங்கி நின்று அவளுக்குப் போன் போட்டேன். பயமா இருக்கும்மா என்று சொல்லி வைத்துவிட்டுத் திரும்பினால், நாற்காலியில் இருந்த ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கள் ஜில்லா லப்பைக்குடிக்காட்டு பாய், துபாயிலிருந்து வருகிறாராம். பிளேனில் ஏதும் கோளாறா தம்பி என்று மெதுவாகக் கேட்டார். பதறிப்போய், வண்டி நன்றாக இருக்கிறது, என் வீட்டில்தான் எட்டாம் மாதம் என்று விஷயத்தைச் சொன்னேன்.

அவர் என் கன்னத்தைப் பார்த்தார். "உங்கள்ல இந்த நேரத்துல தாடி வுடுவாங்களே தம்பி?"

சென்னை வரைக்கும் வந்துவிட்டது என் கன்னத்தின் விவகாரம். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது. யூனிஃபார்மில் இருக்கிறோமே என்று திரும்பிக்கொண்டேன். அவர் தாடியை விட்டுவிட்டுத் தன் கதையைச் சொன்னார். மகள் பிறந்தபோது அவர் துபாயில் இருந்தாராம். போனில் தினமும் எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். உங்களுக்கென்ன, அங்கே நிம்மதியாக இருக்கிறீர்கள் என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாராம்.

என்னைக் கூப்பிட்டார்கள், ஓடினேன். விமான வாசலில் நின்று வணக்கம் சொல்லி ஒவ்வொருவராக உள்ளே விட்டுக்கொண்டிருந்தேன். அவர் முறை வந்தது. கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு என்னிடம் குனிந்தார்.

"இன்னும் பயமா இருக்கா தம்பி?"

"இருக்குங்க," என்றேன்.

அவருக்குப் பின்னால் நின்ற அம்மாள் ஒரு காலை உள்ளே வைத்தபடி நின்றுவிட்டு, சட்டென்று என் முகத்தைப் பார்த்தார். கலங்கிப்போயிருந்த அதை மாற்றிக்கொள்ள அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.