மல்லி இன்னும் வரல

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். குருவிட்ட பக்கத்து ரப்பர் தோட்டத்தில் விடியலிலேயே தனியாகப் பால் வெட்டப் போகிறவள் பயந்தால் பிழைப்பு ஓடுமா? நீங்கள் சிரித்தாலும் சரி, இது என் வீட்டுக்குள் நடந்தது.

புருஷன் போய்ச் சேர்ந்து, மகளும் கொழும்புக்கு வேலைக்குப் போனபிறகு வீட்டில் நான் மட்டும்தான். பேச ஆளில்லாமல் போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். அதில்தான் பழைய ஜன்னலைக் கரும்பலகையாக்குவதைப் பார்த்தேன். எங்கள் தச்சர் ராஜு பாஸ் ஒரு ஜன்னலைச் சும்மாவே கொடுத்தார். சட்டத்தைத் தேய்த்து நீலம் அடித்து, கண்ணாடிக்குக் கறுப்புப் பெயின்ட் பூசி அடுப்படியில் மாட்டினேன். அடேயப்பா, வீட்டுக்கே ஒரு களை வந்துவிட்டது! சாமான் வாங்க எழுதிவைத்தேன்: சீனி, பருப்பு, மல்லி.

மறுநாள் மத்தியானம் வந்து பூட்டைத் திறந்தால், அதன் கீழே கோணல்மாணலாக ஒரு வரி: 'மல்லி இன்னும் வரல.'

பக்கத்து வீட்டுச் செல்வியிடம் கேட்டேன். "ஏன்டி, கடையில மல்லி இல்லயா?"

"எனக்கென்னக்கா தெரியும்? பூட்டுன வீட்டுக்குள்ள நான் எப்பிடி வருவேன்?"

அந்த வரியை அழித்துவிட்டு, கடைக்குப் போய் மல்லி வாங்கிவந்தேன், என் கூறுகெட்ட புத்தியைப் பாருங்கள். மறுநாளும் அதே வரி. சொல்ல வெட்கம்தான், பயத்தோடு கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. எனக்கென்று யாரோ எழுதுகிறார்களே.

ஞாயிற்றுக்கிழமை இரத்தினபுரி பஸ்ஸில் ஒரு சிங்களப் பெண், "மல்லி, பஹினவா!" என்று கண்டக்டரிடம் இறங்கக் கேட்டாள். அப்போதுதான் உறைத்தது, சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளும் தம்பியை அப்படித்தானே கூப்பிடும்!

நேரே ராஜு பாஸிடம் போய், அந்த ஜன்னல் யார் வீட்டுடையது என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மண்சரிவுல போன கீழ் லயத்து வீட்டு ஜன்னல், தங்கச்சி, அது. எல்லாரும் ஓடுனோம். அந்த வீட்டுப் பொம்பளப்புள்ள மட்டும், கடைக்குப் போன மல்லி வரட்டும்னு ஜன்னல்லயே நின்னுச்சி."

"அந்தப் பையன்?"

"தப்பிச்சிட்டான். சொந்தக்காரங்க வவுனியாவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. இந்தப் பக்கமே வரமாட்டான்."

வீட்டுக்கு வந்து அழுதேன். எனக்கிருந்த ஒரே துணை அந்த வரிதான். ஆனாலும் ஒரு பிள்ளையை அப்படி நிற்கவைக்க மனசு வரவில்லை. எழுதினேன்: 'மல்லி வந்துட்டான். நீ போம்மா.'

மறுநாள் கதவைத் திறந்தேன். பலகை முழுக்கத் துடைத்திருந்தது. ஈரம்கூடக் காயவில்லை.

அதற்குப்பிறகு ஒரு எழுத்து இல்லை. வீடு முன்னைவிட வெறிச்சென்று கிடக்கிறது. அதையும் பொறுத்துக்கொள்வேன். ஆனால் நான் எழுதியது பொய். அதை நம்பி வெளியே போன அந்தப் பிள்ளை, தம்பியை எங்கே தேடிக்கொண்டிருக்கிறதோ.