பதினைந்து டேப் தடம்

அம்மா ரவிக்கைக்கு அளவெடுக்கும் ஒன்றரை மீட்டர் மஞ்சள் டேப்பை அக்கா தார்ச்சாலையில் விரித்துப் பிடித்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. மறுமுனை என் கையில். தொண்ணூறுகளின் கடைசி. பள்ளிச் சீருடையோடு, உத்தமபாளையம் தாண்டித் திராட்சைத் தோட்டத்தோரம் குத்தவைத்து அளந்தோம். "ரோட்டுக்கு ரவிக்கை தைக்கிறீகளாத்தா?" என்று ஒரு ஜீப்காரர் கேலி பேசிப் போனார். அக்கா நிமிரவே இல்லை.

அப்பா தேனிக்கும் கூடலூருக்கும் தனியார் பஸ் ஓட்டினார். முந்தின நாள் அந்த இடத்தில் ஒரு டிராக்டர் குறுக்கே வர, பிரேக் அடித்தார். பஸ் ஒரு முழம் தள்ளி நின்றுவிட்டது. ஆனால் உள்ளே ஓர் அம்மாள் விழுந்து கை ஒடிந்தது. புளியமரத்தருகே வரும்போது டிராக்டரைப் பார்த்தேன் என்றார் அப்பா. மேனேஜர் அந்த மரத்திலிருந்து பஸ் நின்ற இடம்வரை முப்பத்தேழரை மீட்டர் அளந்து, பிரேக் சோதனை ரிப்போர்ட்டை வைத்துக் கணக்குப் போட்டு, வேகம் எழுபது என்றார். அறுபதைத் தாண்டினால் வேலை போய்விடும். தப்பை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் பிறகு யோசிக்கலாம் என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டார். அப்பா பேனாவைத் தேடினார். பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த அக்காவுக்கு வந்ததே கோபம். "செய்யாத தப்புக்கு எதுக்குப்பா கையெழுத்து?"

டயர் தடம் பதினைந்து டேப். தடம் தொடங்கும் இடத்துக்கும் மரத்துக்கும் நடுவே வெறும் சாலை, பத்து டேப். மறுநாள் மேனேஜர் அறையில் அப்பாவுக்கு முன்னால் அக்கா போய் நின்றாள், பின்னால் நான்.

"மரத்துல இருந்தே பிரேக் போட்டதா எழுதியிருக்கீக சார். அங்கன தடமே இல்லையே."

அக்கா கணக்கைப் போட்டுக் காட்டினாள். பிரேக் பிடித்த தூரம் இருபத்திரண்டரை மீட்டர்தான். பிரேக் போட்டால் ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு ஐந்து மீட்டர் குறையும் என்று அவருடைய ரிப்போர்ட்டே சொன்னது. இரண்டையும் பெருக்கி இரட்டித்தால் இருநூற்று இருபத்தைந்து. அதன் வர்க்கமூலம் பதினைந்து. நொடிக்குப் பதினைந்து மீட்டர் என்றால் மணிக்கு ஐம்பத்துநான்கு கிலோமீட்டர். மீதிப் பதினைந்து மீட்டரை பஸ் அதே வேகத்தில், ஒரே நொடியில் கடந்திருக்கிறது.

"அந்த ஒரு நொடி உங்கப்பன் என்ன செஞ்சாரு?"

"பாத்தாக சார். கண்ணு பாத்தப்புறந்தான காலு பிரேக்குக்குப் போகும். உங்களுக்கும் அம்புட்டு நேரம் ஆகும்."

பொம்பளப்பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது என்றார் அவர். "வாய விடுங்க சார். கணக்குல எங்கன தப்புன்னு காட்டுங்க."

மூன்று முறை போட்டுப் பார்த்தார். மூன்று முறையும் ஐம்பத்துநான்குதான் வந்தது. அப்பா கையிலிருந்த தாளை வாங்கி மேசைக்குள் போட்டுக்கொண்டு, நாளைக்கு வண்டி எடுக்கச் சொன்னார். ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்கவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

டேப் இப்போது என் அலுவலக மேசையில் கிடக்கிறது. எண்கள் தேய்ந்துவிட்டன, நுனியில் ஒட்டிய தார் மட்டும் அப்படியே இருக்கிறது. எவராவது ஒரு தாளை நீட்டி, "சும்மா ஒரு கையெழுத்துதானே, போடுங்க மேடம்" என்றால், அந்த டேப்பைக் கையில் எடுத்துக்கொள்வேன். அளந்து பார்க்காமல் இதுவரை நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.