பாணந்தி வேஷம்

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட் டைப் அடிப்பதுதான் அப்போது என் வேலை. தைராய்டு என்றால் மூன்று வரி, மூன்று எண். புள்ளி இடம் மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பேன். அந்த எண் ஒரு பொம்பளையை என்ன பாடு படுத்தும் என்று நான் ஏன் யோசிக்கப் போகிறேன்?

வீட்டில் நான், தம்பி, அவன் பெண்டாட்டி. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மூத்தவள், அதனால் நான் வைத்ததுதான் சட்டம். அவள் அரக்கோணத்தில் பிள்ளை பெற்று, மூன்றாம் மாசம் பெண் குழந்தையோடு வந்தாள். துரும்பாக இளைத்திருந்தாள். கை நடுங்கி டம்ளரைக் கீழே போடுவாள், கேட்டால் எரிந்து விழுவாள். "உங்கம்மா வீட்ல சோறே போடலையா?" என்று கேட்டேன்.

இரண்டு மாசத்தில் எல்லாம் தலைகீழ். முகம் ஊதிவிட்டது. குளியலறை முழுக்க அவள் முடி. உட்கார்ந்த இடத்தில் தூங்கினாள். பிள்ளை பெற்றவளை எங்கள் ஊரில் பாணந்தி என்போம். காதில் பஞ்சு வைத்து, தலையில் துணி கட்டி, ஸ்வெட்டர் போட்டு மூன்று மாசம் காபந்து செய்வது வழக்கம். இவள் எட்டாம் மாசத்திலும், நல்ல ஏப்ரல் வெயிலில், அந்தக் கோலத்தை விடவில்லை.

"இன்னும் பாணந்தி வேஷம் கலைக்கலையா? நோகாம நொங்கு திங்கப் பாக்கறியா?"

"நெஜமாவே குளிருதுக்கா."

"ஏப்ரல்ல குளிருதாம். கேளுங்க இந்த நியாயத்தை."

ஒரு மத்தியானம் அவள் கண்ணயர்ந்த நேரத்தில் குழந்தை கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தது. நெற்றியில் ஒரு புடைப்பு, அவ்வளவுதான். எனக்கு அது போதும். "இவளைக் கொண்டுபோய் அவங்கம்மா வீட்ல விடு. குழந்தை இங்க இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்று தம்பியிடம் சொன்னேன். அவன் என் பேச்சைத் தட்டியதில்லை.

அவள் காதுப் பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள். ஸ்வெட்டரைக் கழற்றி என் காலடியில் போட்டாள். "இனிமே போட மாட்டேங்கா. தூங்கவும் மாட்டேன். புள்ளைய மட்டும் எங்கிட்ட விடுங்க." சொல்லும்போதே பல் கிட்டியது. அதையும் நடிப்பு என்றுதான் நினைத்தேன். குழந்தையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

அவளைத் தம்பி அரக்கோணத்தில் விட்டு மூன்று வாரம் கழித்து, நான் டைப் அடித்த யாரோ ஒருத்தியின் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வந்த டாக்டரம்மா நின்றார்.

"பாவம், குழந்தை பொறந்து எட்டு மாசம். தைராய்டு சுரப்பியை உடம்பே தாக்கி அழற்சி ஆயிடுது. மொதல்ல உள்ள இருக்கற ஹார்மோனெல்லாம் ஒரேயடியா கொட்டும். இளைக்கும், கை நடுங்கும், கோவம் வரும். அப்பறம் சுரப்பி காலி. உடம்பு ஊதும், குளிரும், தூக்கமா வரும். வீட்ல சோம்பேறின்னு திட்டுவாங்க. மாத்திரை குடுத்தா சரியாயிடும், முக்காவாசிப் பேருக்கு அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான்."

ஒவ்வொன்றாகத் தம்பி பெண்டாட்டியைப் பற்றியே சொல்கிறார்.

சாயங்காலம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனை எஸ்.டி.டி. பூத் வரை போனேன். அரக்கோணம் நம்பர் மனப்பாடம். முந்தின நாள்தான் குழந்தை என்னைப் பார்த்து "ம்மா" என்றிருந்தது. நான் உள்ளே போகவில்லை. பக்கத்துக் கடையில் பிஸ்கட் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அப்புறம் நான்கு மாசம் இதைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அவளுடைய அப்பாவே கடைசியில் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தைராய்டு என்று கண்டுபிடித்தார். பழைய முகத்தோடு, கையில் மாத்திரைச் சீட்டோடு வாசலில் நின்றாள். கையை நீட்டினாள். குழந்தை வீரிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். சந்தோஷமாகத்தான் இருந்தது.

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. "தெனம் இந்த ரிப்போர்ட்டுதானே அடிக்கறீங்க, உங்களுக்குத் தோணவே இல்லையாக்கா?"

"நான் டைப் மட்டும்தாம்மா அடிக்கறேன்" என்றேன். குழந்தையை இறக்கிவிடவில்லை.