கையுயர்த்தாத வாக்கெடுப்பு

அந்தப் பொதுக்கூட்டத்துக்கு நான் சென்ற காலையில், பெயர்பெற்ற கல்லூரியொன்றின் ஓய்வுபெற்ற உப அதிபராகவும், சமாதான நீதவானாகவும், மருதனார்மடத்துக்கு அண்மையிலுள்ள விழிப்புலனற்றோர் சங்கமொன்றின் தலைவராகவும் இருந்தேன். தலைவர் பதவியை நான் எவரிடமும் கேட்டுப் பெறவில்லை. ஒவ்வொரு முறையும் பொதுக்கூட்டமே என்னைத் தெரிவு செய்தது. என் காலத்தில் கூட்டங்கள் குறித்த நேரத்தில் தொடங்கின. பேச எழுந்தவரை எவரும் இடைமறிக்க நான் விட்டதில்லை.

சங்கத்தில் முற்றாகப் பார்வையற்றோரும், பார்வை குறைந்தோரும், உதவி வழங்கும் பார்வையுள்ள காப்பாளர்களும் உறுப்பினர்கள். எல்லோருக்கும் வாக்குண்டு. சங்கத்தின் யாப்பு விதிகளில் அப்படி எழுதப்படாவிட்டாலும், தலைவர் எப்போதும் காப்பாளர்களுள் ஒருவராகவே இருந்து வந்தார்; நானும் அப்படியே.

பிறவியிலேயே பார்வையற்ற சங்கீத ஆசிரியை ஒருவர் அவ்வாண்டு ஒரு தீர்மானத்தை முன்வைத்தார். இனித் தலைவர் பதவி பார்வையற்றோருக்கும் பார்வை குறைந்தோருக்குமே உரியது என்பது அதன் சாரம். அது நிறைவேறினால் நான் அன்றே கதிரையை விட்டு எழவேண்டும். நான் அதனை எதிர்த்தேன். பதவிக்கு வேண்டியது தகுதியே. கண்ணைக் கொண்டு ஒருவரைச் சேர்ப்பதும் விலக்குவதும் முறையன்று என்று சபையிலேயே சொன்னேன். அப்பதவியை நான் விரும்பினேன் என்பதையும் மறைக்கவேண்டிய தேவை எனக்கில்லை.

எங்கள் வழக்கம் கையுயர்த்தி வாக்களித்தல். செயலாளர் வரிசை வரிசையாக நடந்து எண்ணுவார், தொகையை என் காதில் சொல்லுவார், நான் அறிவிப்பேன். சங்கம் தொடங்கிய நாள் முதல் அப்படித்தான் நடந்தது. அன்றும் கைகளை உயர்த்துமாறு கேட்க நான் வாயெடுத்தபோது, ஆசிரியை எழுந்தார்.

"சேர், ஒரு கேள்வி. நாங்கள் கை தூக்கினால் முன்வரிசையிலை இருக்கிற காப்பாளர்மார் எங்களைப் பாக்கினம். அவை தூக்கினதை நாங்கள் எப்பிடிப் பாக்கிறது?"

பின்வரிசையிலிருந்து, கீரிமலைப் பக்கத்துக் கடற்றொழிலாளி ஒருவர் உரத்த குரலில் சேர்த்துக்கொண்டார். வெடிவிபத்தொன்றில் பார்வையை இழந்தவர் அவர்.

"அவை கையைத்தான் தூக்கினவையோ, கமக்கட்டுக்குக் காத்துப் பிடிச்சவையோ, ஆருக்குத் தெரியும்?"

சபை சிரித்தது. நான் மேசையைத் தட்டினேன்.

அவ்வேளை காப்பாளர்களுள் ஒருவரான அரிசி ஆலை முதலாளி என் பக்கம் சாய்ந்தார். "மாஸ்டர், உந்தக் கதையளை விடுங்கோ. வழமைபோலக் கையைத் தூக்கச் சொல்லுங்கோ. நான் முன்னுக்கு நிண்டு ஒருக்கால் செருமினாப் போதும், ஒருத்தரும் தூக்காயினம். உங்கடை கதிரையை ஆரும் அசைக்கேலாது."

அவர் எனக்கு நன்மை செய்வதாகவே நினைத்தார். அங்கிருந்தோரில் பலரின் வீட்டுக்கு அவருடைய ஆலையிலிருந்தே அரிசி போனது. அந்தச் செருமலின் பொருள் அவர்களுக்கு விளங்கும். ஆனால் இன்னொருவரின் தொண்டையால் வென்ற பதவியில் அமர்பவன் நான் அல்லன்.

கையுயர்த்தலைத் தலைவர் என்ற அதிகாரத்தில் நிறுத்தினேன். பின்புறச் சமையலறையில் மதிய உணவு தயாராகிக்கொண்டிருந்தது. அங்கிருந்து புளியங்கொட்டையும், ஊறப்போடாத கடலையும், இரண்டு மண்முட்டிகளும் கொண்டுவரச் செய்தேன். ஒவ்வொருவர் கையிலும் ஒரு புளியங்கொட்டையும் ஒரு கடலையும் கொடுக்கப்படும். தீர்மானத்தை ஆதரிப்பவர் புளியங்கொட்டையையும், எதிர்ப்பவர் கடலையையும் மூடிய கையோடு வாக்கு முட்டிக்குள் இடவேண்டும். எஞ்சியதை மற்ற முட்டிக்குள் இடவேண்டும். பார்வையற்ற இருவர் தடவிப் பிரித்து, எல்லோரும் கேட்க உரத்து எண்ணுவர். செயலாளர் அருகில் நின்று பார்த்துக்கொள்வார். காப்பாளர்களுக்கும் இதே முறைதான் என்று அறிவித்தேன்.

"மாஸ்டர், இதென்ன தாயம் விளையாட்டோ?" என்றார் முதலாளி.

"தாயமெண்டால், முதலாளி, வெட்டுப்படாமல் பாத்துக்கொள்ளுங்கோ!" என்றது பின்வரிசை.

முதலாளி செருமினார். அதற்குப் பதில்போலப் பின்வரிசையிலிருந்து யாரோ செருமினார். பிறகு மண்டபம் முழுவதும் செருமல் பரவியது. மேசையை மீண்டும் தட்டி, ஒழுங்கை நிலைநாட்டி, வாக்கெடுப்பைத் தொடக்கினேன். நானும் வரிசையில் நின்றேன். வாக்கு முட்டிக்குள் நான் இட்டது கடலை.

எண்ணிக்கை முடிந்தபோது தீர்மானம் நிறைவேறியிருந்தது. பெரிய வித்தியாசமில்லை, ஆனால் ஐயத்துக்கு இடமுமில்லை. முடிவை நானே அறிவித்தேன். அதன்பின் அதே முறையில் ஆசிரியை தலைவராகத் தெரிவானார். நான் எழுந்து கதிரையின் முதுகில் அவருடைய கையை வைத்தேன்.

"சேர், கூட்டம் முடியும்வரைக்கும் நீங்களே இருங்கோவன்," என்றார் அவர்.

"இது தலைவருடைய கதிரை, பிள்ளை. நீர் இரும்," என்று சொல்லி, முன்வரிசையில் போய் அமர்ந்தேன். முதலாளி தம் கதிரையை என்னிடமிருந்து சற்று நகர்த்திக்கொண்டார். இன்றுவரை அவர் என்னோடு முகங்கொடுத்துக் கதைப்பதில்லை. அதனால் எனக்கு எவ்விதக் குறையுமில்லை.

அதன்பின் ஊரில் இரண்டு கதைகள் உலாவுகின்றன. நல்லூர் வீதியில் பழைய மாணவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "சேர், உங்களை அவை பதவியிலையிருந்து கலைச்சுப்போட்டினமாமே?" என்று அனுதாபத்தோடு கேட்டார். பாராட்டு விழா ஒன்றிலோ, நான் பெருந்தன்மையோடு பதவியை விட்டுக்கொடுத்த சான்றோன் என்று ஒருவர் முழங்க, சபை கைதட்டியது. அங்கேயே எழுந்து மறுத்தேன். அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு மேலும் தட்டினார்கள். ஆகவே எழுத்தில் வைக்கிறேன்.

என்னை எவரும் கலைக்கவில்லை. நான் எதையும் விட்டுக்கொடுக்கவுமில்லை. தீர்மானத்துக்கு எதிராக வாக்களித்தேன், தோற்றேன்.