எலியக்கா கேட்ட கேள்வி

ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோரும் அவளை எலியக்கா என்றே கூப்பிட்டார்கள். சன்னலே இல்லாத அடித்தளத்தில் நானூறு வெள்ளை எலிகளுக்குத் தீனி வைத்துக் கூண்டு கழுவுவது பதினாறு வருடமாக அவள் வேலை. வெயில் ஏறுமுன் கீழே இறங்கினால் பொழுது சாய்ந்துதான் மேலே வருவாள். மதியத்துக்குக் கேன்டீனில் பொரித்தது எதுவோ அதுதான் சாப்பாடு.

அந்த வருடம் ஓர் ஆராய்ச்சியாளர் எல்லா எலிகளுக்கும் கொழுப்பு மிகுந்த தீனி கொடுக்கச் சொன்னார். அதில் பாதி எலிகளின் தீனியில் மட்டும் வைட்டமின் டி கிடையாது. வாரம் ஒருமுறை புழுக்கைகளைப் பொறுக்கிச் சிறு குழாய்களில் அடைத்துக் கொடுப்பாள். குடலில் என்னென்ன பாக்டீரியா இருக்கிறது என்று அதில் பார்ப்பார்கள்.

மூன்றாம் மாதம் முதலில் கண்டது அவள்தான்.

"சார், வைட்டமின் இல்லாத பக்கம் எலிங்க கூனிக்கிட்டுக் கெடக்குதுங்க. தண்ணியா போகுது, ரத்தமும் இருக்கு."

"குடல்ல கெட்ட பாக்டீரியா பெருகாம இருக்க குடலே ஒரு மருந்து சுரக்கும்க்கா. அதுக்கு வைட்டமின் டி வேணும்னு நினைக்கிறோம். அது இல்லாம கொழுப்பை மட்டும் கொட்டினா கெட்டது தலைதூக்கிடுது போல."

"மனுஷங்களுக்கும் அப்படித்தானா?"

"அதெல்லாம் இப்பவே சொல்ல முடியாது. எலி வேற, மனுஷன் வேற."

அந்தப் பதிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆறு மாதமாக அவளுக்கும் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. கூட இருந்த தங்கையிடம்கூடச் சொல்லவில்லை. இளைத்துவிட்டாயே என்று அவள் கேட்டபோது, "எனக்கு வயித்தெரிச்சல்டி. யாரைப் பாத்தும் இல்ல, நிஜமாவே எரியுது" என்று சிரித்து மழுப்பினாள்.

ஒருநாள் காலை கூண்டு கழுவும் தொட்டியருகே சுருண்டு விழுந்தாள். குடல் புண்ணில் ஓட்டை விழுந்து வயிறெல்லாம் சீழ். ஆஸ்பத்திரியில் குடலைப் பாதிக்கு மேல் அறுத்தெடுத்தார்கள். ரத்தத்தில் வைட்டமின் டி பேருக்குத்தான் இருந்தது.

"அதனாலதானா டாக்டர்?" என்றாள் தங்கை.

"இதுதான்னு ஒண்ணைக் கைகாட்ட முடியாதும்மா. முன்னாடியே வந்திருக்கணும்."

ஆராய்ச்சியாளர் பார்க்க வந்தார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேக்கா."

"ஏன் கேக்கறேன்னு நீங்களும் கேக்கலையே சார்." அவள் குரலில் கோபம் இல்லை. "எலிங்க?"

"முடிச்சாச்சு. குடலை எடுத்துப் பாக்கணும்ல."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆபரேஷன் முடிந்த முப்பத்தெட்டாம் நாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தாள். ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஐந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். கொண்டுவந்த மாலையைப் போட்டுவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்கள்.