என் இழுப்பறைக் காந்தம்

மூன்றாவது தடவையும் குடுவையில் ஒன்றும் நடக்கவில்லை என்று அவள் வந்து நின்றபோது எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஆய்வகத்தில் என் பக்கத்து மேசைக்காரி அவள், நிதானமானவள். நான் அப்படியில்லை. ஒரு வேதிவினை ஓடிக்கொண்டிருந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது.

"அக்கா, எனக்கு வரலை லா. நீங்க எழுதுன மாதிரியேதான் செஞ்சேன்."

"அப்படிச் செஞ்சா எப்படி வராம போகும்?" என்று எரிந்து விழுந்தேன்.

எங்கள் வேலை இரண்டு மூலக்கூறுகளை ஒட்டவைப்பது. மருந்து செய்ய உதவும். வழக்கமாகப் பல்லேடியம் என்ற உலோகத்தைத் துளியளவு வினையூக்கியாகச் சேர்த்தால்தான் ஒட்டும். அது ஆனை விலை. அதற்குப் பதிலாகச் செம்பனை எண்ணெய் ஆலைச் சாம்பலே போதும் என்று நான் கண்டுபிடித்திருந்தேன். அடுத்த வாரம் பல்கலைக்கழகத்தில் அதைப் பற்றிப் பேச வேண்டும்.

சாம்பல் கொடுத்தவர் அப்பா. லாயாங் லாயாங் என்ற ஊருக்குப் பக்கத்து ஆலையொன்றில் பாய்லரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பழைய கூட்டாளியிடம் சொல்லி ஒரு பிஸ்கட் டின் நிறைய வாங்கிக் கொண்டுவந்தார். தன் ஆலைச் சாம்பலில் மகள் மருந்து செய்கிறாள் என்று காப்பிக் கடையில் யாரையும் விட்டுவைக்கவில்லை. என் பேச்சைக் கேட்க வருவதற்குப் புதுச் சட்டை வேறு வாங்கியாகிவிட்டது.

"தள்ளு, நான் செஞ்சு காட்டுறேன்" என்று அவள் மேசைக்கே போனேன். அவள் குடுவை, அவள் கரைப்பான், அவள் எடைபோட்ட சாம்பல். கலக்குவதற்கு மட்டும் என் இழுப்பறையிலிருந்த காந்தத்தை எடுத்துப் போட்டேன். மாத்திரை அளவில், வெள்ளைப் பூச்சுப் போட்ட காந்தம். எங்கள் ஆய்வகத்தில் ஆளுக்கு ஒரு ராசியான காந்தம் உண்டு. யாரும் யாருக்கும் இரவல் தருவதில்லை. மதியத்துக்குள் ஒட்டிவிட்டது. என் முகத்தில் திமிர் தெரிந்திருக்க வேண்டும்.

அவள் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, எல்லாமே என்னோடது. அந்த மேக்னட் மட்டும்தான் உங்களோடது."

சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. சாம்பலுக்கு முன்னால் இரண்டு வருடம் நான் பல்லேடியத்தோடுதான் மல்லுக்கட்டினேன். அப்போதும் இதே காந்தம். பூச்சில் கீறல் விழுந்து, கீறல்களில் கருப்பு ஏறியிருந்தது. தேய்த்தாலும் போகாத அழுக்கு என்றுதான் நினைத்திருந்தேன், பல்லேடியமாக இருக்கும் என்று தோன்றவே இல்லை.

காந்தத்தைக் கழுவி, சாம்பல் இல்லாமல் இன்னொரு குடுவை வைத்தேன். அந்த இரண்டு மணி நேரமும் உட்காரவில்லை. படியிறங்கி ஒரு கப் தே வாங்கினேன், குடிக்காமல் வைத்துவிட்டேன். வெளியே மழை கொட்டியது. கழுவிய குடுவைகளையே திரும்பக் கழுவினேன். "அக்கா, கொஞ்சம் உக்காருங்க. பாக்கவே தலை சுத்துது" என்றாள் அவள்.

கடைசியில் தகட்டில் ஒரு சொட்டு வைத்து புறஊதா விளக்கின் அடியில் பிடித்தோம். மூலக்கூறுகள் ஒட்டியிருந்தால் தெரியும் புள்ளி பளிச்சென்று தெரிந்தது. அவள் "அலமாக்" என்றாள், ஐயையோ என்பதுபோல, மெதுவாக. இது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும் என்ற நினைப்பு எனக்கு வந்தது. வந்ததே வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் போவதற்குள் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம சாம்பல் ஒண்ணுமே செய்யலியா?" என்றார்.

"ஒண்ணுமே செய்யலப்பா. அதைத்தான் அங்க சொல்லப் போறேன். நீங்க வர வேணாம்."

அவர் கோபமே இல்லாமல் சொன்னார்:

"முப்பது வருசம் அந்தச் சாம்பலை வாரிக் கொட்டுனவன்மா நான். அதுல ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியாதா? நீ சொன்னே, அதான் நம்புனேன். இப்பவும் நீதானே சொல்லப் போறே. வரேன்."