மைக்கில் கேட்க வேண்டிய ஒரே விஷயம்

டெல்லி ஆர்.கே.புரம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் யார் வீட்டுக் கல்யாண வரவேற்பு என்றாலும் வாழ்த்துரைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். மைக்கைப் பிடித்தால் மனுஷன் விடமாட்டான் என்று கேலியும் செய்வார்கள். செய்யட்டுமே! எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். கடைசியில் என் சொந்த மகள் கல்யாணத்தில் அந்தப் பெருமை சந்தி சிரித்தது.

எழுபதுகளின் கடைசி. மகள் வங்கியில் கிளார்க். கூட வேலை பார்த்த பஞ்சாபிப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். சண்டை போட்டு ஓய்ந்துபோய்ச் சரி என்றேன். எல்லாம் முடிவான பிறகு பையனின் அப்பா எங்கள் வீட்டு நாற்காலியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டே, "எங்க வீட்டு மருமகள் யாரும் வேலைக்குப் போறதில்லை. கடவுள் புண்ணியத்துல அதுக்குத் தேவையும் இல்லை" என்று ஹிந்தியில் சொன்னார். துளி விரோதம் இல்லை, பெரிய சலுகை கொடுக்கிற மாதிரிதான் சொன்னார். பையன் பிஸ்கட் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனை ஓர் அறை விடலாம் போலிருந்தது எனக்கு.

அவர்கள் போனதும் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, மாமனார்கிட்டத் தனியாக் கேட்டா சிரிச்சே மழுப்பிருவார். கல்யாணத்தன்னிக்கு அவங்க சொந்தக்காரங்க அத்தனை பேர் முன்னாடியும் மைக்ல கேளுங்க. அங்க அவரால முடியாதுன்னு சொல்ல முடியாது. எனக்கு இந்த வேலை வேணும்ப்பா."

யார் சிபாரிசும் இல்லாமல் பரீட்சை எழுதி அவளே வாங்கிய வேலை அது. கேட்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

எனக்குத் தெரிந்தது ஆபீஸ் ஹிந்தி. எழுதிப் படித்துக் காட்டினால், மனைவி துணி மடித்தபடியே, "கல்யாணத்துல பேசப் போறீங்களா, இல்ல குழாயில தண்ணி வரலைன்னு மனு குடுக்கப் போறீங்களா?" என்றாள். பக்கத்து வீட்டு ஹிந்திக்காரர் திருத்திக் கொடுத்தார். தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடி முன் சொல்லிச் சொல்லி மனப்பாடம் பண்ணினேன். அமைப்பு மட்டும் நம் மேடை வழக்கப்படிதான்: சபையிலுள்ள பெரியவர்களை ஒவ்வொருவராக விளித்து வணக்கம், பிறகு அவையடக்கம், பிறகு மணமக்களுக்கு வாழ்த்து, முத்தாய்ப்பாக அந்த வேண்டுகோள். முக்கியமானதைக் கடைசியில் வைத்தால்தானே மனதில் நிற்கும்? எத்தனை மேடை பார்த்தவன் நான்!

காலையில் மலை மந்திர் முருகன் கோயிலில் எங்கள் முறைப்படி தாலி கட்டினார்கள். மாலையில் ஜனக்புரியில் ஷாமியானாப் பந்தல் போட்டு அவர்கள் முறை. பேண்டு வாத்தியத்தோடு ஊர்வலம் வந்து, மாலை மாற்றி முடிந்தது. பெண்ணின் அப்பா பேசுவது என்ற ஒன்றே அவர்கள் கல்யாணத்தில் கிடையாது என்பது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பேண்டுக்காரனிடம் கெஞ்சி மைக்கை வாங்கினேன்.

"மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களே" என்று ஆரம்பித்தேன். அவர் எழுந்து கும்பிட்டார். கூட்டம் கைதட்டியது. அவருடைய அண்ணா அவர்களே என்றேன், அண்ணா எழுந்தார். மாமாக்கள், அத்தைகள், ஒருவரையும் விடவில்லை. அவர்களுக்கு ஒரே குஷி. எனக்கும் உற்சாகம் பிடித்துக்கொண்டது, முட்டாள் நான்! காகிதத்தில் இல்லாத இரண்டு சித்தப்பாக்களையும் சேர்த்துக்கொண்டேன். வணக்கம் சொல்லி முடித்து, அடுத்த பகுதிக்காக ஒரு மூச்சு வாங்கினேன்.

சம்பந்தி அதை முடிவு என்று நினைத்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பெண்ணைப் பெற்றவன் எல்லாரையும் கும்பிட்டாகிவிட்டது, இன்னும் என்ன பாக்கி? கண்ணில் நீரோடு மேடைக்கு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். "போதும் சம்பந்தி, போதும்! உங்க பொண்ணு இனிமே எங்க பொண்ணு!" என்று ஒரு முழு லட்டை என் வாயில் திணித்தார். பேண்டு முழங்கியது. மைக்கை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். நான் மென்றுகொண்டு நின்றேன். முக்காட்டுக்குள்ளிருந்து மகள் என்னையே பார்த்தாள்.

விழுங்கிவிட்டு, "ஒரு நிமிஷம், இன்னும் ஒரு விஷயம்" என்றேன். "அச்சா, அச்சா, சாப்பிட்டுக்கிட்டே பேசலாம் வாங்க" என்று தோளில் கை போட்டுப் பந்தலின் மறுபக்கம் அழைத்துப் போனார். அங்கே கேட்டேன். சிரித்தார். என் தட்டில் இன்னொரு பூரி வைத்தார்.

கல்யாண லீவு முடிந்த அன்று மகள் வங்கியிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னாள். அவள் அம்மா உள்ளே போய்விட்டாள். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு எடுத்ததுமே அதைக் கேட்டிருந்தா, சரின்னிருப்பாராம்மா?"

"மாட்டார்ப்பா. நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றாள்.

நாலு பேர் முன்னால் உருகிப்போகிற மனிதர் அவர். கேட்டிருந்தால் அழுதுகொண்டே சரி என்றிருப்பார். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.